பெம்ப்டன் பாறைகளுக்கு ஒருநாள் பயணம்: எப்போது போவது, யாரோடு போவது

கேள்வி இதுதான்: "லீட்ஸில் இருக்கிறோம். ஜூலை முதல் வாரம் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். பள்ளி விடுமுறை விட்டதும், ஜூலை 27 வாக்கில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெம்ப்டனுக்குப் பஃபின் பறவை பார்க்கப் போக நினைக்கிறோம். வழிகாட்டியோடு வேனில் கூட்டிப்போகும் ஒருநாள் பயணத்தில் சேரலாமா, இல்லை நாங்களே காரில் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு."

முதலில் தேதியை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பஃபின் என்கிற குட்டிக் கடற்பறவைகள் முட்டையிட ஏப்ரலில் பெம்ப்டனின் கடலோரப் பாறைக்கு வந்து சேர்கின்றன. ஜூலை நடுவிலிருந்தே ஒவ்வொன்றாகக் கிளம்ப ஆரம்பித்துவிடும். ஜூலை கடைசி வாரத்தில் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் மூடுவதும் பஃபின் கிளம்புவதும் கிட்டத்தட்ட ஒரே வாரம். வருஷா வருஷம் எத்தனையோ குடும்பங்கள் விடுமுறை விட்டதும் ஆசையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, வெறும் பாறையிடுக்கைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மா அப்பா வந்த களைப்பு தீர்ந்ததும் வரும் முதல் சனிக்கிழமையே போய்விடுங்கள். பள்ளி மூடும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். படங்களில் பார்த்துப் பஃபினை வாத்து அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு வருகிறார்கள். அது நீளத்தில் நம் மாடப்புறாவைவிடச் சின்னது. மற்ற இடங்களில் மண்ணில் வளை தோண்டிக் குடியிருக்கும். பெம்ப்டனில் பாறை வெடிப்புகளுக்குள் முட்டையிடுகிறது. அதனால் திடீரென்று வெடிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும், அரை நிமிடம் நிற்கும், ரெக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். பார்க்கப் பொறுமை வேண்டும், பைனாகுலர் வேண்டும்.

ஆனால் என் மனதில் பெம்ப்டன் என்றால் பஃபின் கடைசியில்தான் வரும். அந்தப் பாறைதான் முதலில்.

யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையில், ஃபைலிக்கும் ஃபிளாம்பரோவுக்கும் நடுவே, சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கடலிலிருந்து நெட்டுக்குத்தாக நிற்கிறது. தெற்குக் கரையிலுள்ள டோவரில் பார்க்கிற அதே வகைச் சுண்ணாம்புதான், பிரிட்டனில் இந்தப் பாறை கடலைத் தொடுகிற வடகோடி இது. ஆனால் வடக்கே இருக்கும் சுண்ணாம்பு தெற்கே இருப்பதைவிடக் கெட்டி. படுக்கை படுக்கையாக அடுக்கி வைத்தது போல இருக்கும். கடலும் காற்றும் அரிக்க அரிக்க, அந்த அடுக்குகளின் விளிம்பில் சின்னச் சின்னத் திண்ணைகள் உண்டாகிவிட்டன. பறவைகளுக்கு அது போதும். நரி ஏற முடியாது, கடல் எட்டாது, எதிரிலேயே மீன். மார்ச் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய 5 லட்சம் கடற்பறவைகள் இந்தக் கரைக்கு வந்து போகின்றன.

கார் நிறுத்தும் இடத்தில் இறங்கியதும் ஒன்றும் தெரியாது. புல்வெளி, வயல், வானம். வரவேற்பு மையத்தின் பக்கத்தில் மரச்சிட்டுகள் கத்திக்கொண்டிருக்கும். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்த, நம் சிட்டுக்குருவியின் பங்காளி. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் முதலில் வாடை வரும். கருவாட்டுக் கிடங்கையும் கோழிப்பண்ணையையும் சேர்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அப்புறம் சத்தம். அதற்கப்புறம்தான் விளிம்பு. வேலியைப் பிடித்துக் கீழே பார்க்கும்போது எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தச் சுவரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். அகலமான திண்ணைகளிலும் பாறை முகடுகளிலும் இருக்கும் பெரிய வெள்ளைப் பறவை கேனட். தலையில் மஞ்சள் பூசியது போல இருக்கும், ரெக்கையை விரித்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர். இங்கிலாந்தின் பெருநிலத்தில் கேனட்கள் கூட்டமாகக் கூடு கட்டும் ஒரே இடம் இது. 1960களின் இறுதியில் இருபது முப்பது இணைகள்தான் இருந்தன. இன்று 10,000-க்கும் மேல். உயரத்திலிருந்து மீனைக் குறிவைத்து ரெக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாக விழும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தாக்கும். அந்த அடியைத் தாங்க முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப்பைகள் இருக்கின்றன. வெளியே தெரியும் மூக்குத்துவாரமே கிடையாது.

திண்ணை என்று சொல்லவே முடியாத ஒற்றைப் புடைப்புகளில் சேற்றையும் புல்லையும் குழைத்துக் கிண்ணம் போல ஒட்டவைத்துக் குடியிருப்பது கிட்டிவேக். சாம்பல் முதுகு, மையில் தோய்த்தெடுத்தது போன்ற கறுப்பு ரெக்கை நுனி. 'கிட்டி-வே-ஏக்' என்று தன் பெயரைத் தானே கத்தும். பிரிட்டனிலேயே பெரிய கிட்டிவேக் கூட்டம் இந்தக் கரையில்தான், 40,000 இணைகளுக்கு மேல். இதன் சாப்பாடு பெரும்பாலும் சாண்ட்ஈல் என்கிற, விரல் நீளத்தில் மெலிந்த வெள்ளி மீன். பஃபின் அலகில் வரிசையாகத் தொங்குவதும் அதுதான். கடல் சூடேற ஏற அந்த மீன் குறைந்தது, மனிதர்களும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் அள்ளினார்கள். 2024-இல் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியில் சாண்ட்ஈல் பிடிப்பதை அரசு நிறுத்தியது. எவ்வளவோ வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது அது.

நெருக்கியடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் கரும்பழுப்புப் பறவை கில்லிமாட். கூடே கட்டாது, வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. ஒரு முனை கூராக, பேரிக்காய் வடிவம். சரிவான பாறையில் முட்டை நிலையாக இருக்க அந்த வடிவம் உதவுகிறது. ஒவ்வொரு தாயின் முட்டைக்கும் நிறமும் கோலமும் வேறு வேறு. பச்சை, நீலம், வெள்ளை, அதன்மேல் கிறுக்கல்கள். அத்தனை கூட்டத்தில் தன் முட்டையைத் தாய் அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதே சாயலில், ஆனால் கன்னங்கரேலென்று, தடித்த அலகில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் அது ரேசர்பில். ஃபுல்மர் என்று ஒன்று ரெக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு சறுக்கிப் போகும். அதன் கூட்டுக்கு அருகே யார் போனாலும் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயைத் துப்பிவிடும்.

இப்போது வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் முதல்முறை வேன் பயணத்தில்தான் போனேன். ஒரே நாளில் விட்பி, ராபின் ஹூட்ஸ் பே, ஸ்கார்பரோ, பெம்ப்டன் என்று நான்கு ஊர் பட்டியல். பெம்ப்டனில் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசை. ஓட்டுநர்தான் வழிகாட்டி, அவருக்குக் கோட்டைகளின் கதை தெரிந்திருந்தது, பறவை தெரியவில்லை. திரும்பும்போது எனக்கு நினைவிருந்தது வேனின் ஜன்னல்தான். அடுத்த வருஷம் தனியாகப் போய் ஒரே வேலியோரம் மூன்று மணி நேரம் நின்றேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆகவே, பல ஊர்களைத் தொட்டுப் போகும் சுற்றுலா வேண்டாம். பறவைக்கென்றே, ஏழெட்டுப் பேரை மட்டும் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் யார்க்‌ஷயர் கரையில் இருக்கிறார்கள். சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாறை விளிம்பில் எத்தனை மணி நேரம் நிற்போம்? டெலஸ்கோப் கொண்டுவருவீர்களா? முதல் கேள்விக்கு மூன்று மணிக்குக் குறையாமல் பதில் வந்தால் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

உங்களிடம் கார் இருப்பதால் நான் சொல்வது வேறு. பாறைக்கு நீங்களே போங்கள். அங்கே வழிகாட்டி இலவசமாகவே கிடைப்பார். அந்தச் சரணாலயத்தை நடத்துவது ஆர்எஸ்பிபி என்கிற பறவைப் பாதுகாப்புச் சங்கம். பருவத்தில் அவர்களுடைய தன்னார்வலர்கள் பார்வை மேடைகளில் டெலஸ்கோப்போடு நிற்பார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள். "பஃபின் இப்போது எங்கே?" என்று கேட்டால் போதும், உயரத்தைக் குழந்தைக்குத் தகுந்தபடி இறக்கி வைத்துக் காட்டுவார்கள். உங்கள் அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றாலும் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், டெலஸ்கோப்பில் கண் வைத்தபின் பேச்சே தேவைப்படாது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

காசு கொடுத்து வழிகாட்டியோடு போக வேண்டியது கடல்வழிப் பயணத்துக்கு. பிரிட்லிங்டன் துறைமுகத்திலிருந்து யார்க்‌ஷயர் பெல் என்ற, 1947-இல் கட்டிய படகு ஃபிளாம்பரோ முனையைச் சுற்றிப் பெம்ப்டன் பாறையடிவரை போகிறது. பருவத்தில் குறிப்பிட்ட நாட்களில் ஆர்எஸ்பிபி ஆட்கள் ஒலிபெருக்கியில் விளக்கிச் சொல்லும் கடற்பறவைப் பயணங்களும் அதில் உண்டு. சுமார் மூன்று மணி நேரம் ஆகும். மேலிருந்து பார்க்கும்போது பறவை தெரியும். கீழே தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தச் சுவரின் அளவு தெரியும், ஒரு வெள்ளைப் புள்ளி ஒரு கேனட் என்று உறைக்கும். தண்ணீரில் மிதக்கும் பஃபின்களுக்கு நடுவிலேயே படகு போகும். நாட்கள் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள். பாறையும் படகும் ஒரே நாளில் முடியும், ஆனால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் உங்கள் குடும்பத்துக்குப் பாறையே போதும். வடகடலின் ஆட்டம் நம் கோவளம் கடற்கரையில் கால் நனைப்பது போல இருக்காது. அம்மாவின் முழங்காலுக்குப் படகில் ஏறி இறங்குவதும் சிரமம். படகுதான் என்று முடிவானால், குமட்டலுக்கு மாத்திரை வேண்டுமா என்று முன்னாடியே மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிக் கேட்பது நல்லது.

பாறைக்குப் போகும் நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். லீட்ஸிலிருந்து யார்க், டிரிஃபீல்ட் வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். பாறை வடக்கும் வடகிழக்கும் பார்த்தது, அதனால் அதிகாலையிலும் மாலையிலும்தான் வெயில் அதன் முகத்தில் விழும். நடுப்பகலில் நிழலாகிவிடும், படமும் சரியாக வராது, கூட்டமும் அதிகம். கார் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன், ஹல்லுக்கும் ஸ்கார்பரோவுக்கும் இடையே ஓடும் ரயிலில் பெம்ப்டன் நிலையத்தில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் போதும்.

போனதும் எல்லா மேடைகளையும் சுற்றிவர ஆசை வரும். அப்படிச் செய்யாதீர்கள். வரவேற்பு மையத்துக்கு அருகிலுள்ள மேடைகளுக்குச் சமமான பாதை உண்டு, சக்கர நாற்காலியே போகும். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு அங்கே ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். ஒரே ஒரு திண்ணையைத் தேர்ந்தெடுத்து ஒரு மணி நேரம் அதையே பார்க்கச் சொல்லுங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 5 லட்சம் பறவையைப் பார்த்தால் ஒன்றையும் பார்க்க மாட்டோம்.

என் அம்மா வந்திருந்தபோது ஒரு கேனட் இணையை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று கூட்டில் உட்கார்ந்திருந்தது. கூடு என்றால் கடற்பாசி, புல், அதோடு நீலமும் ஆரஞ்சுமாக நைலான் கயிற்றுத் துண்டுகள். மீன்வலைக் கழிவு. அதில் கால் சிக்கிச் சாகும் குஞ்சுகளும் உண்டு. கொஞ்ச நேரத்தில் இணை வந்து இறங்கியது. அலகில், பாறையுச்சியில் பூத்திருக்கும் இளஞ்சிவப்புக் காம்பியன் பூங்கொத்து, வேரோடு பிடுங்கியது. கூட்டில் இருந்தது எழுந்து நின்றது. இரண்டும் மார்போடு மார்பு நின்று, கழுத்தை நீட்டி, அலகை அலகோடு தட்டிக்கொண்டன, வாள் சண்டை போல. அப்புறம் அந்தப் பூவை வாங்கிக் கூட்டின் ஓரத்தில் சொருகிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் பக்கத்துக் கூட்டுக்காரன் அதை உருவிக்கொண்டான். "அடப்பாவி" என்றார் அம்மா. அன்று முழுக்க அந்த ஒரு பூ யார் வீட்டில் இருக்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலஸ்கோப் கிடைக்கும்போது கேனட்டின் கண்ணையும் பாருங்கள். வெளிர் நீலமாக இருக்க வேண்டும். சிலவற்றுக்கு முழுக் கறுப்பாக இருக்கும். 2022-இல் பறவைக் காய்ச்சல் வடகடலின் கேனட்களை வாரிக்கொண்டு போனது. பிழைத்த பறவைகளில் பலவற்றுக்குக் கருவிழியைச் சுற்றிய வளையம் கறுத்துவிட்டது.

இந்தப் பாறைக்கு இன்னொரு கதையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும், வேட்டைக்காரர்கள் கூட்டமாக பிரிட்லிங்டனுக்கு வந்து படகில் ஏறிப் பாறைப் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். விளையாட்டுக்கும், பெண்களின் தொப்பிக்குச் சிறகு வைக்கவும். கூட்டில் குஞ்சு பட்டினியாகக் கிடக்கத் தாய் செத்து மிதந்தது. பிரிட்லிங்டன் பாதிரியார் ஹென்றி பார்ன்ஸ் லாரன்ஸ் குரல் கொடுத்தார், நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டோஃபர் சைக்ஸ் மசோதா கொண்டுவந்தார். 1869-இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிரிட்டனில் காட்டுப் பறவைகளைக் காப்பாற்ற வந்த முதல் சட்டங்களில் ஒன்று. நம் வேடந்தாங்கல்காரர்கள், ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் 1798-இலேயே உரிமை எழுதி வாங்கியவர்கள் என்பது பெம்ப்டன் வேலியோரம் நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

சட்டம் வந்தும் முட்டை எடுப்பது நிற்கவில்லை. 'கிளிம்மர்' என்று அழைக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டி இந்தச் சுவரில் இறங்கிக் கில்லிமாட் முட்டைகளை எடுத்து வந்தார்கள். சாப்பாட்டுக்குப் போனது போக, அழகான முட்டைகளைச் சேகரிப்பாளர்கள் நல்ல விலைக்கு வாங்கினார்கள். ஒரே தாய் வருஷா வருஷம் அதே இடத்தில் அதே கோலத்தில் முட்டையிடும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆகவே அந்தத் தாயின் முட்டை வருஷா வருஷம் போய்க்கொண்டே இருந்தது. 1954-இன் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தோடு அது முடிந்தது.

மதியத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அங்கே சிற்றுண்டிக் கடை இருக்கிறது, ஆனால் பெரியவர்களுக்கு எலுமிச்சைச் சாதமோ தயிர்சாதமோ இருந்தால் நிம்மதி. ஜூலை என்று நம்பி மெல்லிய சட்டையில் போகாதீர்கள். உள்ளே ஊரெல்லாம் வெயிலடிக்கும்போதே கடலிலிருந்து குளிர்ந்த மூடுபனி ஏறிவந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். காதை மூடும் குல்லாய், காற்றுப் புகாத மேலாடை இரண்டும் அம்மா அப்பாவுக்குக் கட்டாயம். மூடுபனி வந்தால் கிளம்பிவிடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் விலகுவதும் உண்டு.

சாப்பாட்டுக்குப் பின் காரில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் ஃபிளாம்பரோ முனை. 1806-இல் சாமுவேல் வயாட் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. கொஞ்சம் உள்ளே தள்ளி 17-ஆம் நூற்றாண்டின் சுண்ணாம்புக்கல் கோபுரமும் நிற்கிறது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலுள்ள பாறை விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் ஒரு பாறை வளைவு, நீண்ட கழுத்தை நீட்டித் தண்ணீர் குடிக்கும் டைனோசர் மாதிரியே இருக்கும். பிள்ளைகள் அதை விட்டு வர மாட்டார்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமென்றால் அடியிலுள்ள பாறைகளில் சாம்பல்நிறக் கடல்நாய்கள் படுத்திருக்கும். அதே ஊரில் நார்த் லேண்டிங் என்ற சின்ன விரிகுடாவும் அழகானது, ஆனால் இறங்கும் சரிவு செங்குத்து, அம்மாவோடு மேலேயே நின்றுகொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேசிவிடுகிறேன். சுண்ணாம்பு விளிம்பு கெட்டி போலத் தெரியும், அடியில் குடைந்திருக்கும். மேலே புல் தொங்கிக்கொண்டிருக்கும், கால் வைத்தால் போய்விடும். செல்ஃபிக்காக வேலி தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். டிரோன் கொண்டு போகவே வேண்டாம். அது ஒருமுறை பறந்தால் கில்லிமாட் கூட்டம் மொத்தமாகக் கிளம்பும், முட்டையும் குஞ்சும் அந்தத் தள்ளுமுள்ளில் விளிம்பிலிருந்து விழும்.

முடிந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் திரும்ப ஒருமுறை பெம்ப்டன் வேலிக்கு வந்து நில்லுங்கள். ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் பாதியிலும் கில்லிமாட் குஞ்சுகள் குதிக்கும் நேரம் அது. பொரித்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், உள்ளங்கை அளவு, பறக்கும் ரெக்கை இன்னும் முளைக்கவில்லை. கீழே தண்ணீரில் அப்பா நின்று கூப்பிடும். குஞ்சு திண்ணை விளிம்பில் முன்னும் பின்னும் நடக்கும், கத்தும், திரும்பிவிடும், மறுபடி வரும். அப்புறம் அந்தக் குட்டி ரெக்கையை விரித்துக்கொண்டு குதித்துவிடும். நான் பார்த்த ஒன்று பாறையில் பட்டு உருண்டு, எழுந்து, தட்டுத்தடுமாறித் தண்ணீருக்குப் போனது. இரண்டு நிமிடத்தில் அப்பா பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டே கரையைத் திரும்பிப் பார்க்காமல் நடுக்கடலை நோக்கி நீந்திப் போயின. பறக்கக் கற்று முடியும்வரை குஞ்சை வளர்ப்பது அப்பாதான். உங்கள் அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள்.

எவ்வளவு முயன்றும் ஜூலை 27-தான் முடியும் என்றால், அப்போதும் போங்கள். பஃபின் என்ற பேச்சை மட்டும் பிள்ளைகளிடம் எடுக்காதீர்கள். அந்தச் சமயம் கேனட் குஞ்சுகள், கறுத்த முகமும் உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சுமாக, தாயின் அளவுக்கு வளர்ந்து கூட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டேப்பிள் நியூக் என்ற மேடை அதற்கு நல்லது. நடை கொஞ்சம் தூரம், அம்மாவால் முடியுமா என்று அன்று காலை வரவேற்பு மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.